உரித்துப் பூசுவது புதுப்பித்தல் ஆகாது

இங்கிலாந்தில் வாழும் நண்பர் ஒருவர் தம்மிடமுள்ள 1963ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிதாரின் படங்களை நமக்கு அனுப்பியிருந்தார். கூடவே, அதைப் 'புதுப்பித்துத் தர' பழுதுபார்ப்பவர் ஒருவர் எழுதிக் கொடுத்த மதிப்பீடும் இருந்தது. உடலின் மெருகை முழுதும் உரித்து மறுபடி பூசுவது, மெட்டுகளை மாற்றுவது, உள்ளிருக்கும் குமிழ்களையும் கம்பிகளையும் களைந்து புதியன வைப்பது, முகத்தகட்டை மாற்றுவது என்று பட்டியல் நீள்கிறது. கிதாரில் ஒரு சுரம்கூட வாசிக்கத் தெரியாத நம்மிடம் இதைக் கேட்பானேன்? "சுவடிப் பதிப்பு பற்றிப் பாடம் நடத்துகிறவர் நீங்கள், பழையதை என்ன செய்வதென்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே" என்கிறார். ஓரளவு தெரியும். அதனால்தான் சொல்கிறோம்: அந்தப் பட்டியலில் ஒன்றைத் தவிர ஏனையவை தேவையற்றவை, முதலாவது, கொடுமை.

அந்த ஒன்று மெட்டு. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த கம்பி அது. எஃகுத் தந்தி நாள்தோறும் அழுந்தி உரசுவதால் அதில் பள்ளம் விழும். தந்தி அதிரும், சுரம் பிசகும். முதலில் அரத்தால் சமன்செய்து முகட்டைத் திருத்தலாம். உயரம் தீர்ந்தபின் பிடுங்கிவிட்டுப் புதிது அடிப்பதைத் தவிர வழியில்லை. வீணையின் மெழுகை உருக்கி மெட்டுகளை மறுபடி அமைப்பதை யாரும் வீணையைச் சிதைப்பதாகச் சொல்வதில்லையே. தேய்வதற்கென்றே வைத்த உறுப்பு அது.

குமிழ்களின் கதை வேறு. திருகும்போது கரகரக்கிறது என்பது புகார். உள்ளே கார்பன் பாதையில் தூசு படிந்திருக்கும். துப்புரவுத் திரவத்தில் சில சொட்டுவிட்டுப் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அக்குமிழ்களின் உடலில் எண்கள் பொறித்திருப்பார்கள். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ்., 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல். அடுத்து வருபவை ஆண்டும் வாரமும். ஏடு எழுதியவன் கடைசியில் தன் பெயரும் காலமும் குறித்து வைப்பானல்லவா, அதற்கு நிகர் இது. அந்தக் கடைசி ஏட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சுவடியைப் 'புதுப்பித்தேன்' என்பவரை என்னவென்று சொல்வது?

முகத்தகட்டில் நமக்குப் பெரிய சண்டையில்லை. அக்காலத்துச் செல்லுலாய்டு தகடு நாளடைவில் பச்சை ஏறிச் சுருங்கும், திருகாணியருகே விரியும். மாற்றுவதானால் மாற்றுங்கள்; பழையதைப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பப் பொருத்தலாம். உரித்தெடுத்த மெருகை அப்படித் திரும்பப் பொருத்த முடியாது.

அந்நாளைய மெருகு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். மெல்லியது, திடீர்க் குளிரில் நுண்ணிய வெடிப்புகள் விடும், ஒளியில் மஞ்சளாகும், கை படும் இடத்தில் தேய்ந்து மரத்தைக் காட்டும். குறையென்று சொல்லப்படும் இதற்கு ஒரு குணமுண்டு: புதிய துளியைப் பழையதன் மேல் விட்டால் பழையது இளகி இரண்டும் ஒன்றாகிவிடும். பெயரும் ஓரங்களை மட்டும் அவ்வாறே நிறுத்திவிடலாம். முழுதும் உரிக்க வேண்டிய அவசியமே இல்லை. உரித்துப் பூசிய பழங்கிதாரின் விலை ஏறத்தாழப் பாதியாகும் என்பது வணிகர்களின் பொதுக்கணக்கு. காசு கொடுத்துத் தம் உடைமையைப் பாதியாக்கிக்கொள்ளும் வினோதம் இதில்தான் உண்டு. ஆனால் நம் வழக்கு காசைப் பற்றியதன்று.

ரோரி கல்லகர் என்ற அயர்லாந்துக் கலைஞரின் கிதாரைப் படத்திலாவது பாருங்கள். 1961ஆம் ஆண்டுக் கருவி. 1963இல் கார்க் நகரின் க்ரோலீஸ் கடையில், பதினைந்து வயதில், நூறு பவுண்டுக்குச் சற்றுக் குறைவாக வாங்கினார். திருடுபோய் மழையில் கிடந்து மீண்டது. முப்பதாண்டு வியர்வையில் மெருகு பெரும்பகுதி போய் வெறும் மரமே எஞ்சியது. பிருடைகளில் ஒன்று மட்டும் வேறு இனம். கெட்டதை மாற்றினார், தேய்ந்ததைத் தேயவிட்டார். அவர் 1995இல் மறைந்தார். அதே 1995இல் ஃபெண்டர் நிறுவனம் 'ரெலிக்' என்ற பெயரில், தொழிற்சாலையிலேயே சுரண்டித் தேய்த்துப் பழமையேற்றிய புதுக்கிதார்களை விற்கத் தொடங்கியது. கல்லகரின் தழும்புகளுக்கும் பின்னர் நகல் வந்தது. ஒருபுறம் உண்மைத் தேய்வைக் கூலி கொடுத்து அழிக்கிறார்கள், மறுபுறம் பொய்த் தேய்வைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். இரண்டு கூட்டத்தாரும் ஒரே கடை வாசலில் நிற்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

'பிழையையாவது திருத்தலாமே' என்பார் நண்பர். பீட்டர் கிரீன் வைத்திருந்த 1959ஆம் ஆண்டு லெஸ் பால் கிதாரில் ஒரு பிக்கப்பின் காந்தம் திசைமாறி இருந்தது. இரண்டு பிக்கப்புகளும் சேர்ந்து ஒலிக்கும்போது எழும் அந்த மூக்கொலி அதனால் வந்ததே. கேரி மூர் கைக்கு வந்தது. 2014இல் கிர்க் ஹாமெட் வாங்கினார். இடையில் மனச்சாட்சியுள்ள பழுதுபார்ப்பவர் ஒருவர் அந்தக் காந்தத்தை நேராக்கியிருந்தால்? இன்று கிப்சன் நிறுவனமே அந்தப் பிழையையும் சேர்த்து நகலெடுத்து விற்றிருக்கிறது.

எதையும் தொடவே கூடாதென்று தந்தியைக்கூட மாற்றாமல் பூட்டி வைப்பவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. கல்லகரின் கிதார் 2024 அக்டோபரில் லண்டனில் ஏறத்தாழ 8 லட்சத்து 90 ஆயிரம் பவுண்டுக்கு ஏலம் போய், அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளிக்கப்பட்டது. நல்ல இடந்தான். ஆயினும் கண்ணாடிக்குள் அதன் மெட்டுகள் இனித் தேயப்போவதில்லை என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

நண்பரே, உங்கள் படத்தில் முன்கை படியும் இடத்தில் மரம் தெரிகிறது. அது உங்கள் கையன்று. உங்களுக்கு முன் வாசித்த யாரோ ஒருவருடையது. பட்டியலின் முதல் வரியை அடித்துவிடுங்கள். மெட்டை மாற்றுங்கள், குமிழைத் துடையுங்கள். உரிப்பதற்குக் கேட்ட கூலிக்கு எத்தனை ஆண்டுக்குத் தந்தி வாங்கலாம் என்று கணக்குப் போட்டு எழுதுங்கள்.