பொது இடமும் பொது ஜனங்களும்

நமது பட்டணங்களில் ஒரு பூங்காவோ, நடைபாதையோ, மார்க்கெட்டோ புதிதாகக் கட்டப்பட்டால், அதைத் திறந்து வைக்கும் நாளன்றுதான் அத்தெருவில் குடியிருக்கும் ஜனங்களுக்கு அப்படியொன்று வந்திருக்கின்றது என்பதே தெரியவருகின்றது. அன்று பந்தலும் மாலையும் பெயர் பொறித்த கல்லும் இருக்கும். ஆனால் அவ்விடத்தில் தினந்தோறும் நடக்கப் போகின்றவர்களையும், விளையாடப் போகின்ற குழந்தைகளையும் பார்த்து, "உங்களுக்கு இங்கு என்ன வேண்டும்?" என்று முன்னதாகக் கேட்டவர் ஒருவரும் இருக்கமாட்டார். தன் வீட்டைக் கட்டுகின்ற ஒருவன் அடுப்படி எங்கே, ஜன்னல் எங்கே என்று கொத்தனாரிடம் சொல்லுகின்றான். பலபேர் வரிகொடுத்துக் கட்டும் இடத்தில் மாத்திரம் அப்படிச் சொல்லும் பாத்தியதை இல்லாமல் போவானேன் என்று கேட்கின்றோம்.

நமது நாட்டில் பொது இடம் என்னும் சொல்லுக்கு அர்த்தம் ஏற்பட்டதே சமீப காலத்தில்தான். 1924-ம் வருஷத்தில் வைக்கத்தில், கோவிலுக்குள் போவதற்காக அல்ல, கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காகவே மனிதர்கள் சத்தியாக்கிரகம் செய்து ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்தது. நாய் நடந்த தெருவில் மனிதன் நடக்கக் கூடாதென்றார்கள். பிறகு 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது விதி, கிணறு, குளம், ரோடு முதலிய பொது இடங்களில் ஜாதி, மதம், பால் இவைகளைக் காரணமாகக் காட்டி ஒருவரையும் தடுக்கக் கூடாதென்றது. ஆகவே நடக்கும் உரிமை சட்டத்திலாவது வந்துவிட்டது. அந்தத் தெரு எப்படி இருக்க வேண்டுமென்று சொல்லும் உரிமையோ இன்னும் கைக்கு வந்தபாடில்லை.

இதைச் சொன்னால், "படிப்பில்லாத ஜனங்களுக்கு என்ன தெரியும்? என்ஜினீயருக்குத் தெரியாததா?" என்கிறார்கள். "மந்திரம் எனக்குத்தான் தெரியும், நீ தட்சணையைக் கொடுத்துவிட்டுக் கைகட்டி நில்" என்ற புரோகிதன் வார்த்தைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சுவர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது என்ஜினீயருக்குத் தெரியும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மழை பெய்தால் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், இருட்டிய பிறகு எந்தச் சந்தில் பெண்கள் நடக்கப் பயப்படுகிறார்கள், தள்ளுவண்டிக்காரர் எந்த மரத்து நிழலை நம்பிப் பிழைக்கிறார் என்பதெல்லாம் அங்கே வசிப்பவர்களுக்கல்லவா தெரியும்?

பிற தேசத்தார் இதை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்லுவோம். யுத்தத்தில் நொந்துபோன ஆம்ஸ்டர்டாம் பட்டணத்தில் 1947 முதல், ஆல்டோ வான் ஐக் என்னும் கட்டடக் கலைஞர் முனிசிபாலிட்டிக்காகக் காலிமனைகளில் குழந்தைகளுக்கு விளையாட்டிடங்கள் அமைத்தார். மணல் தொட்டியும், தாவும் கற்களும், தொங்கும் இரும்புக் கம்பிகளுமே சாமான்கள். ஒரு தெருவில் வந்ததைப் பார்த்த அடுத்த தெருக்காரர்கள், தங்கள் பக்கத்துக் காலியிடத்தைக் காட்டித் தாங்களே முனிசிபாலிட்டிக்குக் கடிதம் எழுதினார்கள். ஏறக்குறைய 30 வருஷத்தில் 700-க்கு மேற்பட்ட இடங்கள் ஏற்பட்டன.

வியன்னா நகரத்திலோ 1990-களில், பூங்காக்களுக்கு வருகின்றவர்கள் யார் யார் என்று கணக்கெடுத்துப் பார்த்தார்கள். 9 வயதுக்கு மேற்பட்ட பெண் குழந்தைகள் வருவது வெகுவாகக் குறைந்து போவது தெரிந்தது. ஒருவரும் அவர்களை வரவேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மைதானம் முழுவதும் பந்து விளையாடும் பையன்கள் வசமாகிவிட்டது. 1999 முதல் இரண்டு பூங்காக்களைத் திருத்தி, இடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, வேறு விளையாட்டுக்களுக்கும் வசதி செய்தவுடன் பெண்கள் திரும்பி வந்தார்கள். தடுப்புப் பலகை இல்லாமலே ஒரு கூட்டத்தாரை வெளியே நிறுத்த முடியும் என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டியதில்லை.

நிற்க, நமது தேசத்தில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1993-ல் அமுலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் ஜனத்தொகையுள்ள பட்டணங்களில் வார்டு கமிட்டிகள் அமைக்க வேண்டுமென்றது. ஆயினும் சென்னை மாநகராட்சி 2016 முதல் 2022 வரை, தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அங்கத்தினர்கூட இல்லாமல் அதிகாரிகளாலேயே நடத்தப்பட்டது. 2022-ல் தேர்தலும் நடந்து, தமிழ்நாட்டுப் பட்டணங்களில் பகுதி சபைகளும் கூடத் தொடங்கின. இதை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆனால் குழாய் ரிப்பேர், விளக்கு ரிப்பேர் என்று மனுவாங்கும் கூட்டமாகவே அவை நின்றுவிடுமானால், பெயர் மாறியதே ஒழிய நிலைமை மாறியதாகாது. ரோடும் பூங்காவும் வரைபடத்தில் இருக்கும்போதே அங்கே வரவேண்டும்.

இதிலும் ஓர் அபாயம் இருக்கின்றது. ஜனங்களைக் கேட்டோம் என்று சொல்லித் தெருவிலுள்ள நாலு பெரிய மனிதர்களைக் கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த நால்வரும் பூங்காவுக்குப் பூட்டுப் போடவும், கூடைக்காரியை விரட்டவும், குடிசைப் பிள்ளைகள் வராதபடி சுவர் எழுப்பவுமே யோசனை சொல்லுவார்களானால், அது பழைய அக்கிரகாரத்தைப் புதுப் பெயரில் கட்டியதேயாகும். 2014-ம் வருஷத்துத் தெருவியாபாரிகள் சட்டம், அவர்களுக்கான நகரக் கமிட்டியில் 100-க்கு 40 ஸ்தானங்களுக்குக் குறையாமல் வியாபாரிகளுக்கே கொடுத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கியிருக்கின்றது. அந்த நியாயம் எல்லாப் பொது இடத்துக்கும் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல. டெண்டர் விடுவதற்கு முன்பே வரைபடத்தைத் தமிழில் எழுதித் தெருமுனையில் மாட்டட்டும். கூலிவேலைக்குப் போகின்றவர்கள் வரக்கூடிய வேளையில் கூட்டம் கூட்டட்டும். பெண்களையும் குழந்தைகளையும் தனியாகவும் கேட்கட்டும். ஜனங்கள் சொன்னதை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் காரணம் காட்டட்டும்.

ஜனங்களும் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் இது வராது. அடுத்த பகுதி சபைக்குப் போங்கள், அக்கம்பக்கத்தாரையும் அழைத்துப் போங்கள், "வரைபடம் எங்கே?" என்று கேளுங்கள். தெருவில் நடக்க உரிமை கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள், அந்தத் தெருவை அமைக்கவும் உரிமை கேட்பதே சுயமரியாதையாகும்.