நாப்பது வருஷமா ஓடுதாம்!

பழைய பாய்மரப் படகு வெச்சிருக்கிறவங்ககிட்ட பேட்டரி வயரிங் பத்திப் பேச்செடுத்தா ஒரே பதில்தான். "நாப்பது வருஷமா இப்படித்தான் ஓடுது, ஒண்ணும் ஆகல." நான் சொல்றது 1970, 80-கள்ல அமெரிக்காவுல கட்டின கேட்டலினா 30 மாதிரியான ஃபைபர் கிளாஸ் படகுகளை. பொட்டி தட்டுற நமக்கு இந்த வசனம் புதுசா என்ன? 'ஓடுற கோடுல கை வைக்காதே'ங்கிற அதே பாட்டுதான். என்ன, நம்ம கோடு புட்டுக்கிச்சுன்னா ராத்திரி ஃபோன் வரும். அங்கே கரையில்லாத இடத்துல படகு எரியும்.

இந்தத் தைரியத்துக்குக் காரணம் 12 வோல்ட். தொட்டா ஷாக் அடிக்காது, அதனால சாதுன்னு நினைப்பு. 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியோட உள்தடை சில மில்லி ஓம்தான். 5 மில்லி ஓம்னு வெச்சுக்கங்க. ரெண்டு முனையையும் ஒரு ஸ்பேனர் தொட்டுச்சுன்னா 12 வகுத்தல் 0.005, அதாவது 2400 ஆம்பியர். வெல்டிங் பட்டறையிலகூட இவ்வளவு ஓடாது சாமி!

பில்ஜ் பம்பையே எடுத்துக்குவோம். படகோட அடியில சேர்ற தண்ணியை வெளியேத்துற பம்ப். ஆளில்லாதப்பவும் ஓடணுமேன்னு மெயின் சுவிட்சைத் தொடாம நேரா பேட்டரியில மாட்டியிருப்பாங்க. அது நியாயம்தான். ஆனா ஃப்யூஸ் எங்கேன்னா, பேட்டரியை விட்டு ரொம்ப தூரத்துல, பம்ப் பக்கத்துல. நடுவுல இருக்கிற மெல்லிசு வயர், படகு ஆட ஆட இன்ஜின் இரும்புல உரசி உரசித் தோல் தேயுது. அங்கே ஷார்ட் ஆனா அந்த ஃப்யூஸுக்கு விஷயமே தெரியாது. சில நூறு ஆம்பியர் பாஞ்சு வயர் பத்திக்கும். மெயின் சுவிட்சை அணைச்சாலும் நிக்காது.

ஃப்யூஸ் காப்பாத்த வேண்டியது முதல்ல வயரை, அப்புறம்தான் பம்பை. அதனாலதான் அமெரிக்கன் போட் அண்ட் யாட் கவுன்சில் விதி, பேட்டரி முனையிலிருந்து 7 அங்குலத்துக்குள்ள ஃப்யூஸ் வைக்கச் சொல்லுது. நேரா பேட்டரியில மாட்டின வயர் முழுக்கக் குழாய்க்குள்ள இருந்தா 72 அங்குலம் வரை போகலாம். ஸ்டார்ட்டர் கேபிளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கைக் காட்டி மத்த எல்லா வயரையும் மொட்டையா விடுற புத்திசாலிகளும் இருக்காங்க!

"ஃப்யூஸ் போட்டா அவசரத்துக்கு பம்ப் நின்னுடுமே?" நிக்கட்டும். குப்பை சிக்கி பம்ப் சுத்தாமப் போச்சுன்னா கரண்ட் எகிறும். அப்ப ஃப்யூஸ் போகலைன்னா பம்பே சூடாகி எரியும். ஏற்கெனவே தண்ணியை எடுக்காத பம்ப்புக்கு என்ன வக்காலத்து?

இதையெல்லாம் சரி பண்ணாம அப்படியே லித்தியம் பேட்டரிக்குத் தாவுறாங்க பாருங்க, அங்கேதான் எனக்கு பி.பி. ஏறுது. அதோட உள்தடை இன்னும் கம்மி, ஷார்ட் கரண்ட் இன்னும் பயங்கரம். சாதாரண ஃப்யூஸ் உருகினாலும் உள்ளே பொறி அறுபடாமப் பாயலாம். 20,000 ஆம்பியரையே அறுக்கிற 'கிளாஸ் டி' ஃப்யூஸ்னு ஒண்ணு விக்குது. விலை ஜாஸ்தியாம், அடுத்த சீசன்ல பாத்துக்கலாமாம். கேபின்ல மட்டும் புது டிவி தொங்குது :-)