சிரிப்புக் கோட்டுக்கு ஊசியா? முன்பணம் கட்டும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்!

தை மாதத்தில் மகளுக்குக் கல்யாணம். நிச்சயதார்த்தப் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்ததும் வீட்டில் எல்லோரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்தார்கள். அம்மா மட்டும் தன் முகத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மூக்கோரத்தில் தொடங்கி வாய் மூலை வரை இறங்கும் இரண்டு கோடுகள். ‘எப்போ இவ்வளவு ஆழமாச்சு?’

அடுத்த வாரம் வழக்கமாக ஃபேஷியல் செய்துகொள்ளும் பார்லரில் ஓர் அட்டை கண்ணில் படுகிறது. ‘கல்யாண சீஸன் ஆஃபர்! சிரிப்புக் கோட்டுக்கு போடாக்ஸ், பாதி விலையில்! முன்பணம் கட்டி இன்றே புக் செய்யுங்கள்!’ கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம்தான்.

இப்படி ஓர் அம்மாவை இப்போது எந்தத் தெருவிலும் பார்க்கலாம். ‘இந்த வயசுல இதெல்லாம் தேவையா?’ என்று அவரைக் கேட்பவர்களில் பாதிப் பேர் மாதாமாதம் தலைக்கு டை அடிப்பவர்களாகத்தான் இருப்பார்கள். ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. தப்பு அந்த அட்டையில், அதுவும் முதல் வரியிலேயே இருக்கிறது.

போடாக்ஸ் வேறு, ஃபில்லர் வேறு

போடாக்ஸ் என்பது தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் ஊசி. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அது தடுத்துவிடும். முதலில் மாறுகண், இமைத் துடிப்பு போன்ற பிரச்னைகளுக்குத்தான் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். புருவங்களுக்கு நடுவே விழும் கோட்டுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ அனுமதி கொடுத்தது 2002-ல். நெற்றி, புருவ நடு, கண்ணோரம் எல்லாம் தசை சுருங்குவதால் விழும் கோடுகள். அங்கே இது நன்றாக வேலை செய்யும். மூன்று, நான்கு மாதங்களில் அதன் வேகம் குறைந்துவிடும்.

சிரிப்புக் கோட்டின் கதை வேறு. வயதாக ஆகக் கன்னத்தின் கொழுப்பு மெலிந்து கீழே இறங்குகிறது. அதைத் தாங்கும் எலும்பும் கொஞ்சம் தேய்கிறது. இறங்கிய கன்னம் மூக்கோரத்தில் மடிந்து நிற்பதைத்தான் நாம் கோடு என்கிறோம். அந்த இடத்தில் தசையைத் தளர்த்தினால் மடிப்பு பெரிதாகப் போகாது; மேலுதட்டைத் தூக்கும் தசை சோர்ந்து சிரிப்பே ஒரு பக்கம் கோணிக்கொள்ளலாம். கல்யாண வீடியோவில் அதைவிட வேறு வினை வேண்டாம்.

இந்த மடிப்புக்கு மருத்துவர்கள் போடுவது ஃபில்லர். குறைந்துபோன பருமனை நிரப்பும் ஜெல் என்று வைத்துக்கொள்ளலாம். பார்லர் பேச்சில் முகத்தில் போடும் ஊசி எல்லாமே ‘போடாக்ஸ்’ ஆகிவிடுகிறது. சிரிப்புக் கோட்டுக்கு போடாக்ஸ் என்று அட்டையில் அச்சடித்தவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கவலை இல்லை. எதுவாக இருந்தாலும் அவர்கள் கையில் ஊசியைக் கொடுப்பது சரியில்லை.

ஃபில்லரிலும் பல ரகம் உண்டு. அதிகம் பயன்படுவது ஹைலூரானிக் ஆசிட். நம் தோலிலும் மூட்டுகளிலும் இயற்கையாகவே இருக்கும், தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருள். ரெஸ்டிலேன் என்ற பெயரில் இந்த ரக ஃபில்லருக்கு எஃப்.டி.ஏ அனுமதி கிடைத்தது 2003-ல். ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் பலன் தெரியும். கால்சியம் கலந்தது, பாலி லாக்டிக் ஆசிட் என்ற வேறு ரகங்களும் உண்டு. அவை தோலைத் தூண்டிப் புது கொலாஜனை உண்டாக்கும். பலனும் இன்னும் கொஞ்ச காலம் நிற்கும்.

கேட்பவருக்கு ‘ரொம்ப நாள் நிக்கும்’ என்பதுதான் லாபமாகத் தெரியும். ஆனால், கோணலாகப் போய்விட்டாலும் அது ரொம்ப நாள் நிற்கும்!

‘தப்பாப் போனா எடுக்க முடியுமா?’

விலை, எத்தனை நாள் நிற்கும், வலிக்குமா என்பதையெல்லாம் விட முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஹைலூரானிக் ஆசிட் ஃபில்லரைக் கரைக்க ஒரு மருந்து இருக்கிறது. பெயர் ஹைலூரானிடேஸ். கண்புரை ஆபரேஷனில் மரத்துப்போவதற்கான ஊசியோடு சேர்த்துப் போடப்படும் பழைய மருந்துதான் இது. கட்டி தட்டினாலோ, ஒரு பக்கம் உப்பினாலோ இதைப் போட்டுக் கரைத்துவிடலாம். மற்ற ரகங்களுக்கு இப்படியொரு மாற்று மருந்து கிடையாது. திரவ சிலிகானை முகத்தில் ஏற்றுவதற்கு எஃப்.டி.ஏ அனுமதியே கொடுக்கவில்லை. வருடங்கள் கழித்துக்கூட அது கட்டியாகக் கிளம்பும்.

முதல் முறை போட்டுக்கொள்பவர்கள் கரைக்கக்கூடியதைத் தாண்டிப் போகாமல் இருப்பதே நல்லது.

கட்டியும் உப்பலும் அழகு சம்பந்தப்பட்ட தொல்லைகள். அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. முகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியமான தமனி சரியாக இந்தக் கோட்டை ஒட்டித்தான் மேலே ஏறுகிறது. ஜெல் தவறி அதற்குள் போய்விட்டால் அடைப்பு. ரத்தம் கிடைக்காத தோல் வெளுக்கும், பிறகு வலை போட்டதுபோல நீலம் பாயும், கவனிக்காவிட்டால் கருகிப் புண்ணாகும். மூக்கோர ரத்தக் குழாய்களுக்குக் கண்ணின் ரத்தக் குழாய்களோடு தொடர்பு இருப்பதால், அபூர்வமாகப் பார்வை பறிபோனதும் உண்டு. போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. இதெல்லாம் அரிதாக நடப்பதுதான். ஆனால் நடந்தால் மணிக்கணக்கில்கூடக் காத்திருக்க முடியாது. ஹைலூரானிடேஸ் அந்த அறையிலேயே இருக்க வேண்டும், அதைப் போடத் தெரிந்த டாக்டரும் அங்கே இருக்க வேண்டும். ஆஃபரில் ஊசி போட்டுவிட்டு வேறு ஊர் முகாமுக்குக் கிளம்பிவிடும் ‘எக்ஸ்பர்ட்’ இருக்க மாட்டார்.

ஊசி போட்ட பிறகு வலி கூடிக்கொண்டே போனாலோ, தோல் திட்டாக வெளுத்தாலோ, பார்வை மங்கினாலோ ‘காலையில பார்த்துக்கலாம்’ என்று படுத்துவிடக் கூடாது. பல ஃபில்லர்களில் மரத்துப்போகும் மருந்தும் கலந்திருப்பதால் வலி தெரியாமலும் இருக்கலாம். நிறத்தைக் கவனிக்க வேண்டும்.

ஆன்லைனில் விற்கும் ‘ஊசியில்லா பேனா’ பற்றியும் ஒரு வார்த்தை. காற்றழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் செலுத்தும் இந்தக் கருவியைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2021-ல் எஃப்.டி.ஏ எச்சரித்தது. எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்பது போடுபவருக்கே தெரியாது.

யாரிடம் போவது?

தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர், அல்லது பிளாஸ்டிக் சர்ஜன். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும். அதைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். சில நாள் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவைத்தவர் டாக்டர் ஆகிவிட மாட்டார். பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பேட்ச் எண் உள்ள ஸ்டிக்கரை உங்கள் ஃபைலிலும் ஒட்டித் தரச் சொல்லுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிறார்களா? எழுந்து வந்துவிடலாம். ஒரு சிரிஞ்சே ஐந்து இலக்க விலையில் விற்கும் பொருள் பாதி விலைக்கு எப்படி வருகிறது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை: சாப்பிடும் மாத்திரைகள், அலர்ஜி, சர்க்கரை, அடிக்கடி வரும் உதட்டுக் கொப்புளம், சமீபத்தில் செய்துகொண்ட பல் சிகிச்சை. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தள்ளிப்போடுவது வழக்கம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், ‘ரத்தக்கட்டு வராமல் இருக்கட்டும்’ என்று ஆஸ்பிரினைத் தாங்களாகவே நிறுத்துவது மகா தப்பு. கன்னத்தில் நீலம் பாய்ந்தால் பத்து நாளில் போய்விடும்.

கால அவகாசமும் முக்கியம். வீக்கமும் கன்றலும் அடங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். சரிசெய்ய மறுபடி போக வேண்டியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள். முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் முதல்முறையாக ஃபில்லர் போடுவது வேண்டாத வேலை.

வேறு வழியும் இருக்கலாம்

கண்ணாடி முன் நின்று கன்னத்தை லேசாகக் காதுப் பக்கம் தூக்கிப் பாருங்கள். கோடு மறைகிறது என்றால் குறை கோட்டில் இல்லை, கன்னத்தில். அனுபவமுள்ள டாக்டர் கோட்டைத் தொடாமல் கன்னத்தில் கொஞ்சம் நிரப்பலாம் என்று சொல்லக்கூடும். கோட்டிலேயே நிரப்பிக்கொண்டே போனால் முகம் உப்பி, சிரிக்கும்போது குரங்கு வாய் மாதிரி தெரியும். மெல்லிய கீறல்கள்தான் என்றால் தினமும் சன்ஸ்க்ரீன், டாக்டர் எழுதித் தரும் ரெட்டினாய்டு க்ரீம். மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் ஆபத்து குறைவு.

இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது. மேல் வரிசையில் பல் விழுந்து அப்படியே விட்டிருந்தால் உதட்டுக்கும் கன்னத்துக்கும் தாங்கல் போய், இந்தக் கோடுகள் ஆழமாகிவிடும். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பல் டாக்டரை.

நம் அம்மாவுக்கும் மேல் பல் இரண்டு இல்லை. ‘கல்யாணச் செலவெல்லாம் முடியட்டும்’ என்று மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டது. மகள்தான் அதை எடுத்துச் சொன்னாள். “நீ சிரிக்கும்போது கோடு விழுறது எனக்குத் தெரியலைம்மா. வாயை மூடிக்கிட்டே சிரிக்கிறதுதான் தெரியுது.”

மறுநாள் பல் டாக்டரிடம் அளவு கொடுத்துவிட்டு வந்தவர், ஒரு ஆர்வத்தில் பார்லருக்கும் போன் போட்டார். “தப்பாப் போனா கரைக்கிற மருந்து வச்சிருக்கீங்களாம்மா?” எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “மேடம்கிட்ட கேட்டுட்டு கூப்பிடுறேன் ஆன்ட்டி.”

போன் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது: ‘ஆஃபர் ஞாயிற்றுக்கிழமையுடன் முடிகிறது!’