சம்பள ஃபைல் போகவில்லை என்றால்

திருப்பூரில் நான் பார்த்துக்கொள்ளும் சம்பளக் கணக்கு புரோகிராம்கள் விஷுவல் பேசிக் 6-ல் எழுதப்பட்டவை. 1998-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மொழி அது. 2008-ல் அதற்கான ஆதரவு நின்றுபோனது. ஆனாலும் அதில் எழுதிய புரோகிராம்கள் இன்றைய விண்டோஸிலும் ஓடுகின்றன. கட்டிங், டெய்லரிங், செக்கிங் என்று பிரித்துப் பீஸ் ரேட் போட்டு, வாரச் சம்பளத்தை ஒரு ஃபைலாக்கி வங்கியின் சர்வருக்கு அனுப்புவது நான் பார்த்துக்கொள்பவற்றின் வேலை. அந்த ஃபைலில் தொழிலாளியின் பெயர், கணக்கு எண், தொகை மூன்றும் இருக்கும்.

சனிக்கிழமை மதியம் “அண்ணா, ஃபைல் போக மாட்டேங்குதுங்க” என்று கம்பெனி கணக்காளரிடமிருந்து போன் வந்தால், அடுத்த வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: “அந்த செக்யூரிட்டிய மட்டும் இப்போதைக்கு ஆஃப் பண்ணி விட்டுடுங்க.” மாலைக்குள் சம்பளம் ஏற வேண்டும் என்ற அவரது தவிப்பு நியாயமானது. ஆனாலும் அதை நான் செய்வதில்லை. எந்த புரோகிராமரும் செய்யக் கூடாது என்பேன்.

காரணம் இதுதான். எஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் முறையை 1971-ல் வரையறுத்தவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியில் படித்தவர். அதில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் அப்படியே போகும். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடியதையடுத்து, அங்கிருந்த தாத்து யிலோனென் எஸ்எஸ்எச் முறையை எழுதினார். இன்று வங்கிகள் கேட்கும் எஸ்எஃப்டிபி அதற்குள் ஓடுவதுதான். இணைந்ததும் சர்வர் தன் கீயைக் காட்டும். ஏற்கெனவே குறித்து வைத்த ஃபிங்கர்பிரின்ட்டோடு அது பொருந்தினால்தான் புரோகிராம் மேலே போகும். “ஆஃப் பண்ணுங்க” என்று கேட்கப்படுவது இந்தச் சோதனையைத்தான். அதை அணைத்தால், மறுமுனையில் பேசுவது வங்கியா வேறு யாராவதா என்று பார்க்காமலே சம்பளப் பட்டியல் போய்விடும். நாங்கள் பலரும் பயன்படுத்தும் வின்எஸ்சிபி லைப்ரரியில் இந்த அமைப்பின் பெயரிலேயே ‘பாதுகாப்பைக் கைவிடு’ என்று சேர்த்திருக்கிறார்கள். தெரியாமல் யாரும் அதைத் தொட்டுவிடக் கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது.

பெரும்பாலான பழுதுக்கு இந்தச் சோதனை காரணமே இல்லை. பிழைச் செய்தியை முழுதாகப் படித்தால் இடம் தெரிந்துவிடும். வெகுநேரம் காத்திருந்து டைம்அவுட் ஆனால், வழியில் ஃபயர்வால் மறிக்கிறதா, கம்பெனியின் ஐபி முகவரி மாறியதால் வங்கி ஏற்கவில்லையா என்று பார்க்க வேண்டும். உடனே மறுக்கப்பட்டால், அநேகமாக அந்த போர்ட்டில் சர்வர் இயங்கவில்லை. எஸ்எஃப்டிபியையும், எஃப்டிபியின் பாதுகாப்பான வடிவமான எஃப்டிபிஎஸ்ஸையும் ஒன்றென்று நினைத்துப் போர்ட் எண்ணை மாற்றிப் போட்டிருப்பார்கள். முன்னதற்கு 22, பின்னதற்கு 21 அல்லது 990. கையால் இயக்கினால் போகிறது, இரவில் டாஸ்க் ஷெட்யூலர் இயக்கினால் போகவில்லை என்றால், வேறு விண்டோஸ் பயனர் பெயரில் ஓடி, லாகினுக்கான நம் கீ ஃபைலைத் திறக்க முடியாமல் நிற்கிறது என்று சந்தேகிக்கலாம். நான் முதலில் செய்வது, அதே கம்ப்யூட்டரில் வின்எஸ்சிபியைத் திறந்து இணைத்துப் பார்ப்பது. அதில் இணைந்தால் நெட்வொர்க்கில் குறையில்லை, நம் புரோகிராமில்தான் தேட வேண்டும்.

எல்லோரையும் அலைக்கழிக்கும் பழுது ஒன்று உண்டு. நேற்று வரை போன ஃபைல் இன்று போகாது; “லாகின் தோல்வி” என்று வரும். பாஸ்வேர்டை மாற்றுவார்கள், கீயைப் புதிதாக உருவாக்குவார்கள், எதுவும் பலிக்காது. வங்கியில் சர்வரை மேம்படுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். எஸ்எச்ஏ-1 என்ற பழைய கணக்கீட்டை உடைக்க முடியும் என்று 2017-ல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் செய்தே காட்டின. 2021 செப்டம்பரில் வந்த எஸ்எஸ்எச் சர்வர் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8, அதை நம்பிய ஆர்எஸ்ஏ கையொப்பங்களை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிப் போட்ட லைப்ரரிக்கு அந்தக் கையொப்பம் மட்டும்தான் தெரியும். ஆர்எஸ்ஏ கீயைத் தூக்கி எறியத் தேவையில்லை. அதே கீயை வைத்து எஸ்எச்ஏ-2 முறையில் கையொப்பமிடத் தெரிந்த புதிய லைப்ரரி போதும். அதற்குப் பணம் கேட்டால், “பழையபடியே ஏத்துக்கச் சொல்லி பேங்க்ல பேசுங்க” என்கிறார் முதலாளி. உடைந்த முறையைத் தனக்காகத் திறந்து வைக்கச் சொல்லும் கோரிக்கை அது. இத்தனை பேரின் கணக்கு எண்களை வைத்திருப்பவர் அப்படிக் கேட்கலாமா?

வங்கிகள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. 2023 மார்ச்சில் புரோகிராமர்கள் கோடு சேமிக்கும் தளமான கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ கீயை அவசரமாக மாற்ற நேர்ந்தபோது, புதிய ஃபிங்கர்பிரின்ட்டை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. இங்கே ஒரு வங்கி சர்வரை மாற்றிவிட்டு ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பவில்லை. உதவி மையத்தை அழைத்து ஃபிங்கர்பிரின்ட் கேட்டால், எதிர்முனையில் இருந்தவருக்கு அது என்னவென்றே புரியவில்லை. “வர்றதை அக்செப்ட் பண்ணுங்க சார்” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் வங்கியே அப்படிச் சொன்ன பிறகு, சோதனையை அணைக்கக் கூடாது என்று கம்பெனி கணக்காளரிடம் நான் எப்படி வாதாடுவது?

சர்வரையோ கீயையோ மாற்றும் தேதியை வங்கிகள் ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். புதிய ஃபிங்கர்பிரின்ட் அந்தக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். நிஜ சம்பளம் போகும் முன் அனுப்பிப் பார்க்க ஒரு சோதனை சர்வரும் வேண்டும். கம்பெனிகள் தங்கள் பங்குக்கு, தையல் மெஷின் சர்வீஸுக்கு ஆண்டுதோறும் ஒதுக்குவது போல லைப்ரரி புதுப்பிக்கவும் ஒரு தொகையை ஒதுக்கலாம். அந்த வேலையை சனிக்கிழமை மதியம் இல்லாத ஒரு நாளில் செய்ய விடுங்கள்.