கார்டு தேய்த்தால் கடைக்காரருக்கு நஷ்டமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?" என்பதுதான். உங்கள் வீட்டில் யாராவது சிறிய கடை நடத்துகிறார்களா? அப்படியென்றால் ஒரு நல்ல வேலை காத்திருக்கிறது. கார்டுக்கும் க்யூஆர் கோடுக்கும் கடை எவ்வளவு செலவு செய்கிறது என்று கணக்குப் போடுங்கள்.

எங்கள் தெருவில் ஓர் எலக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. கல்லாவுக்கு மேலே "கார்டுக்கு 2% கூடுதல்" என்று அட்டை தொங்கும். ஒரு நாள் சீலிங் ஃபேன் வாங்க வந்தவர் டெபிட் கார்டை நீட்டினார். 2% என்றதும் ஃபேனை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். "பேங்க்ல பிடிக்கிறாங்களே தம்பி, நான் என்ன செய்ய?" என்றார் அண்ணாச்சி. "எவ்வளவு பிடிக்கிறாங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

பிரச்சினையே இங்கேதான். கார்டு கமிஷன் அதிகம் என்று எல்லாக் கடைக்காரர்களும் புலம்புகிறார்கள். ஆனால் பணம் எந்த வழியில் போகிறது என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. தெரியாத செலவைக் குறைக்க முடியாது என்பதே என் கருத்து.

முதலில் விதிகளைத் தெரிந்துகொள்வோம். கார்டு விற்பனையில் வங்கி பிடிக்கும் கமிஷனுக்கு எம்டிஆர் என்று பெயர். 2018 ஜனவரி 1 முதல் டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. முந்தைய நிதியாண்டில் 20 லட்சம் ரூபாய் வரை விற்பனை செய்த கடைக்கு, மெஷினில் தேய்த்தால் அதிகபட்சம் 0.40%. அதற்கு மேல் விற்கும் கடைக்கு 0.90%. இந்தக் கமிஷனை வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது என்பதும் விதி. யுபிஐ, ரூபே டெபிட் கார்டு இரண்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் எம்டிஆர் கிடையாது. கிரெடிட் கார்டுக்கு மட்டும் இப்படி உச்சவரம்பு இல்லை. அங்கே பேசுபவருக்குத் தகுந்த விலைதான்!

அண்ணாச்சியின் மகள் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் முன் உட்கார்ந்தோம். எக்ஸெல்லைத் திறந்தோம். உங்களிடம் எக்ஸெல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் காலத்தில் பணம் வந்த வழி, இரண்டாவதில் மாத விற்பனை, மூன்றாவதில் கமிஷன், நான்காவதில் வாடகை, ஐந்தாவதில் ஜி.எஸ்.டி. என்று தலைப்பிட்டோம். விவரங்களை வங்கி ஸ்டேட்மென்ட்டிலும் மெஷின் கொடுத்த நிறுவனத்தின் மாத பில்லிலும் பார்த்து நிரப்பினோம்.

மாத விற்பனை 1,50,000 ரூபாய். அதில் யுபிஐ 90,000, ரொக்கம் 25,000, டெபிட் கார்டு 20,000, கிரெடிட் கார்டு 15,000. டெபிட் கார்டுக்கு 0.90% வீதம் 180 ரூபாயும், கிரெடிட் கார்டுக்கு 2% வீதம் 300 ரூபாயும் பிடித்திருந்தார்கள். கார்டு மெஷின் வாடகை 400, பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் வாடகை 100. இவற்றின் மேல் 18% ஜி.எஸ்.டி. 176 ரூபாய் 40 காசு. ஆக மொத்தம் 1,156 ரூபாய் 40 காசு.

இதில் மூன்று விஷயங்கள் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தன.

ஒன்று, அண்ணாச்சியின் ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள்தான். 0.40% பிடிக்க வேண்டிய இடத்தில் 0.90% பிடித்திருக்கிறார்கள். ஜி.எஸ்.டி.யுடன் ஆண்டுக்கு 1,416 ரூபாய் வீண்.

இரண்டு, மொத்தச் செலவில் பாதிக்கு மேல் கமிஷனே அல்ல, வாடகை! மெஷின் வாடகையையும் சேர்த்தால் கார்டு விற்பனைக்கு உண்மையான செலவு ஏறத்தாழ 3%.

மூன்று, டெபிட் கார்டுக்கு வங்கி பிடித்தது 0.90%. வாடிக்கையாளரிடம் அண்ணாச்சி கேட்டது 2%. விதியையும் மீறி, வாடிக்கையாளரையும் இழந்திருக்கிறார்.

இனி என்ன செய்யலாம்? விற்பனைக் கணக்கை இணைத்து, டெபிட் கார்டு கட்டணத்தைத் திருத்தும்படி வங்கிக்குக் கடிதம் கொடுங்கள். 30 நாளில் பதில் வரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். டெபிட் கார்டை நீட்டுபவரிடம் "யுபிஐ இருக்கிறதா?" என்று சிரித்த முகத்துடன் கேளுங்கள். அதே வங்கிக் கணக்கிலிருந்துதான் பணம் வரும், உங்களுக்குக் கமிஷன் இல்லை. இல்லை என்றால் மறு பேச்சின்றி கார்டை வாங்கிக்கொள்ளுங்கள். கார்டு விற்பனை குறைவாக இருந்தால், வாடகை இல்லாத மெஷினோ, என்எப்சி வசதியுள்ள ஆண்ட்ராய்டு போனையே மெஷினாக்கும் வசதியோ கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிரெடிட் கார்டு கமிஷனுக்கு இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள்.

நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்து வழக்கமான முறையில் வரி கட்டுபவர் என்றால், இந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அது கிடையாது.

"இவ்வளவு தொல்லை எதற்கு, ரொக்கம் மட்டும் போதும்" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஃபேனை வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. அந்த ஒரு ஃபேனில் போன லாபம், அந்த மாத டெபிட் கார்டு கமிஷனை விட அதிகம்.

அண்ணாச்சி வங்கிக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாத வசதிக்கு மாறிவிட்டார். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 7,080 ரூபாய் மிச்சம். கல்லாவுக்கு மேலே இருந்த அட்டையையும் கழற்றிவிட்டார். இப்போது மாதக் கடைசி ஞாயிறன்று எக்ஸெல் கணக்கை எழுதுவது அவர் மகள்தான். உங்கள் வீட்டிலும் அரை மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள்.