எண்ணி எண்ணி ஒரு வாழ்க்கை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

பித்து என்ற சொல்லை நாம் இரு வகையாக வழங்குகிறோம். இறைவனைப் பித்தன் என்றால் அது புகழ்ச்சி. அடுத்த வீட்டுக்காரனைப் பித்தன் என்றால் அது இகழ்ச்சி. ஒரே சொல் கோயிலில் ஏறுவதும் தெருவில் இறங்குவதும் ஏன்? ஒன்றையே பற்றிக்கொண்டு, போதும் என்று ஊரார் சொன்ன பிறகும் விடாமல் நிற்கும் மனத்தைப் போற்றுவதா, அதற்காக இரங்குவதா?

இந்தக் கேள்விக்கு ஓவியக் கலையில் நல்ல விடை கிடைக்கும் என்பது என் கருத்து. பிறர் மனத்துக்குள் புகுந்து பார்க்க நம்மால் இயலாது. ஓவியரின் பித்தோ திரைச்சீலையில் எல்லோரும் பார்க்கும்படி நிற்கிறது. அதை அளக்கலாம், எண்ணலாம், எதிர்த்து வாதாடலாம்.

போலந்து நாட்டுப் பெற்றோருக்கு 1931-இல் பிரான்சில் பிறந்தவர் ரோமன் ஒபால்கா. 1965-இல் வார்சா நகரத்தில் தம் ஓவியக்கூடத்தில், கறுப்பு வண்ணம் பூசிய ஒரு திரைச்சீலையின் இடப்பக்க மேல் மூலையில், மிக மெல்லிய தூரிகையால் வெள்ளை நிறத்தில் 1 என்று எழுதினார். அடுத்து 2. அடுத்து 3. ஒரு வரி நிறைந்ததும் அடுத்த வரி. வலப்பக்கக் கீழ் மூலையை எட்டியதும் புதிய திரைச்சீலை. விட்ட எண்ணுக்கு அடுத்த எண்ணிலிருந்து தொடர்ச்சி. ஒவ்வொன்றும் 196 செ.மீ. உயரம், 135 செ.மீ. அகலம். எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு: 1965, ஒன்று முதல் முடிவிலி வரை. 2011 ஆகஸ்டு மாதத்தில் அவர் காலமானபோது கடைசியாக எழுதப்பட்டிருந்த எண் 5607249.

இவ்வளவுதானா ஓவியம் என்று சிரிக்கத் தோன்றும். சற்றுப் பொறுத்துப் பாருங்கள். தூரிகையை வண்ணத்தில் தோய்த்தவுடன் எழுதும் எண் பளிச்சென்று விழுகிறது. வண்ணம் தீரத் தீர எண்கள் மங்குகின்றன. மீண்டும் தோய்த்ததும் மீண்டும் வெளிச்சம். விலகி நின்று பார்த்தால், காற்று கடந்து போகும் நெல்வயலைப் போலத் திரைச்சீலை முழுவதும் அலை பரவுகிறது. 1968-இல் பின்னணியைச் சாம்பல் நிறமாக்கினார். அந்த ஆண்டு முதல், எழுதும் ஒவ்வோர் எண்ணையும் போலிஷ் மொழியில் வாய்விட்டுச் சொல்லி ஒலிநாடாவில் பதிந்தார். வேலை செய்த நாள் முடிந்ததும், அதே வெள்ளைச் சட்டையுடன், அதே வெளிச்சத்தில், தம் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டார். 1972-இல் பத்து இலட்சத்தை எட்டினார். அதன்பின் ஒவ்வொரு புதிய திரைச்சீலையின் பின்னணியிலும் ஒரு விழுக்காடு வெள்ளையைக் கூட்டிக்கொண்டே வந்தார். முதுமையில் அவர் எழுதியது வெள்ளையின் மேல் வெள்ளை. புகைப்படங்களில் தலைமுடி நரைக்க நரைக்க, திரைச்சீலையும் உடன் நரைத்தது!

கணித மாணவி என்ற முறையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1 முதல் 999999 வரை எழுதினால் மொத்தம் 58,88,889 இலக்கங்கள். அதன்பின் ஒவ்வோர் எண்ணுக்கும் ஏழு இலக்கங்கள். ஆக, 5607249 வரை எதையும் விடாமல் எழுதினால் 3 கோடியே 81 இலட்சத்து 39 ஆயிரத்து 639 இலக்கங்கள். ஏறத்தாழ 46 ஆண்டுகளில் இதைப் பங்கிட்டால், விடுமுறை நாளே இல்லாமல் நாளொன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேல்!

இதில் இன்னொரு கணித உண்மையும் உண்டு. முடிவிலியை நோக்கி எவ்வளவு நடந்தாலும் தூரம் குறையாது. 1 என்ற எண்ணுக்கு முன்னால் எத்தனை எண்கள் காத்திருந்தனவோ, 5607249-க்கு முன்னாலும் அத்தனை எண்களே காத்திருக்கின்றன. அந்த மனிதர் இலக்கை நோக்கி ஓர் அங்குலம்கூட நெருங்கவில்லை. அப்படியானால் அந்த வாழ்க்கை வீணா? வீணில்லை என்பேன். முடிவிலியை அளக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஒரு மனித ஆயுள் எவ்வளவு நீளம் என்பதை எல்லோருக்கும் தெரியும்படி அளந்து காட்டினார். நாம் எல்லோருமே நாள்களை எண்ணித்தான் வாழ்கிறோம். அவர் அந்தக் கணக்கை எழுதி வைத்தார், அவ்வளவே.

சிலர், இது மனநோய், இதைக் கலை என்று கொண்டாடுவது தவறு என்பார்கள். அவர்களுக்கு ஜப்பானிய ஓவியர் யயோய் குசாமாவைக் காட்ட விரும்புகிறேன். 1929-இல் மட்சுமோட்டோ நகரில் பிறந்த அவர், சிறு வயதிலேயே இல்லாத தோற்றங்களைக் கண்டு நடுங்கியவர். ஒரே உருவம் பெருகிப் பெருகிச் சுவரையும் கூரையையும் தம் உடலையும் மூடுவதாக உணர்ந்தவர். அந்த அச்சத்தையே புள்ளிகளாகவும் வலைகளாகவும் வரைந்தார். 1958 முதல் நியூயார்க்கில் தங்கிப் பெரிய பெரிய திரைச்சீலைகளை வலைக் கண்ணிகளால் நிரப்பினார். 1973-இல் தாய்நாடு திரும்பினார். 1977-இல் டோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில் தாமே விரும்பிச் சேர்ந்தார். அருகிலேயே ஓர் ஓவியக்கூடம் அமைத்துக்கொண்டு அன்றாடம் வேலை செய்தார். அவருக்கு நோய் இருந்தது உண்மை. ஆனால் நோய் தானாக ஒரு புள்ளியும் வைக்கவில்லை. வைத்தது அவருடைய கை. நோய் அவரை ஆட்டிவைத்தது. தூரிகையைப் பிடித்த நேரத்தில் அவர் நோயை ஆட்டிவைத்தார்.

இதைவிடக் கடினமான எதிர்வாதம் ஒன்று உண்டு. அது என் வீட்டிலிருந்து வருகிறது. என் அம்மா பீடி சுற்றுபவர். இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, நாளொன்றுக்கு அறுநூறு, எழுநூறு. ஒபால்காவைப் பற்றிச் சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி: "அதுக்குக் கூலி யாரு குடுத்தா?"

நகைச்சுவைக்காகக் கேட்ட கேள்வியன்று அது. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதுதான் பெருமை என்றால், என் அம்மாவும் பெருமைக்குரியவரே. ஆண்டுக் கணக்கில் போட்டால் அவர் எண்ணிக்கையும் பல இலட்சங்களைத் தாண்டும். ஆனால் அந்த எண்ணிக்கை எந்தச் சுவரிலும் தொங்கவில்லை. கட்டுக்கட்டாகக் கடைக்குப் போய்ப் புகையாகிவிட்டது. இருவருக்கும் வேறுபாடு உழைப்பில் இல்லை, தேர்வில் இருக்கிறது. ஒபால்கா அந்த வேலையைத் தாமே தேர்ந்தெடுத்தார். என் அம்மாவை வறுமை தேர்ந்தெடுத்தது. இதை மறந்துவிட்டுப் பித்தைப் போற்றும் கட்டுரைகள் வயிறு நிறைந்தவர்களின் பேச்சாகவே முடியும்.

அதனால் கலைப்பித்து வசதி படைத்தவர்களுக்கே உரியது என்று நான் சொல்ல வரவில்லை. விரும்பியதைப் பற்றிக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் வேண்டும் என்கிறேன். நம் கல்லூரியில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள். படித்தால் வேலை, வேலைக்குத்தான் படிப்பு என்று மட்டுமே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். வேலை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கூலிக்காக அல்லாமல் ஒரு செயலைச் செய்யும் ஒரு மணி நேரம், நம் பெற்றோருக்குக் கிடைக்காத அந்த ஒரு மணி நேரம், நமக்குக் கிடைத்திருக்கிறது. அதை எதற்குக் கொடுக்கிறோம்?

எல்லாப் பித்தும் நல்லதன்று. சீட்டாட்டமும் ஒரு பித்துத்தான். நடிகரின் கட்-அவுட்டுக்குப் பாலூற்றுவதும் ஒரு பித்துத்தான். நல்ல பித்துக்கு மூன்று அடையாளங்களை நான் காண்கிறேன். அதற்குத் தானே விதித்துக்கொண்ட ஒழுங்கு இருக்கும். பிறர் பார்த்துச் சரிபார்க்கும்படி அது தன் கணக்கைத் திறந்து வைக்கும். அதன் செலவைச் செய்பவரே சுமப்பார், வீட்டிலுள்ளவர்கள் தலையில் ஏற்றமாட்டார். ஒழுங்கில்லாத பித்து வெறி. ஒழுங்குள்ள பித்து தவம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே உருவத்தை நூறு முறை வரையும் மாணவரைக் கண்டால், உடனே பித்து என்று சொல்லிவிடாதீர்கள். அதற்கு என்ன விதி வைத்திருக்கிறாய் என்று ஒருமுறை கேளுங்கள். விடை இருந்தால் ஊக்குங்கள். விடை இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே விதியைக் கற்றுத்தரும்.

நண்பர்களே, ஒன்றைப் பற்றுங்கள். பற்றியதை எண்ணி எழுதி வையுங்கள். எந்த எண்ணில் நிற்போம் என்பது நம் கையில் இல்லை. 1 என்று எழுதுவது நம் கையில் இருக்கிறது.