இலவசம் என்னும் சொல்லுக்குள் ஒளியும் விலை

‘தொழில் முனைவோருக்கான மாபெரும் இலவசக் கருத்தரங்கு. அனுமதி இலவசம். இருக்கைகள் குறைவே.’ நம் ஊர்க் கடைவீதிகளில் இவ்வகைத் துண்டறிக்கைகளைக் காணாதவர் அரியர். இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சொல்லைக் கொண்டு ஒருவரை ஏய்க்கும் இடத்தில் சொல்லைக் கற்றவர்களுக்கு அக்கறை இருந்தே ஆகவேண்டும் என்பதே என் விடை.

கருத்தரங்கு என்பது ஒருவர் உரைக்க, மற்றவர் மறுக்க, அவையோர் வினவும் இடம். மேற்படிக் கூட்டங்கள் பலவற்றில் வினாவுக்கு நேரமே ஒதுக்கப்படுவதில்லை. ஊக்கமூட்டும் பேச்சு முடிந்ததும் ‘உயர்நிலைப் பயிற்சி’ ஒன்று அறிவிக்கப்படும். இன்றே பணம் கட்டுவோருக்குச் சலுகை உண்டு என்பார்கள். அழைப்பிதழில் இதைப் பற்றி ஒரு வரியும் இருந்திராது.

‘யாரையும் வற்புறுத்தவில்லையே, விருப்பமுள்ளவர் சேரட்டும்’ என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். கடையை அரைநாள் பூட்டிவிட்டு வரும் சிறுவணிகர் வாசலிலேயே தம் விலையைக் கொடுத்துவிட்டார். அவரிடம் மீதி விலையை மறைப்பது மௌனத்தால் சொல்லும் பொய். புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளை கடவுளிடமே பத்திரிகைச் சந்தா கேட்கிறார். ஆனால் அதை நேராகவே கேட்கிறார். அந்த நேர்மைகூட இந்த அழைப்பிதழ்களில் இல்லை.

விற்பது இழிவென்று நான் சொல்லவில்லை. மணிமேகலை ஆசிரியர் சீத்தலைச் சாத்தனாரே கூலவாணிகர். கொள்வதிலும் கொடுப்பதிலும் நடுவுநிலை பிறழாத காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. நம் மரபு வணிகத்திடம் கேட்டது அந்த நடுவுநிலை ஒன்றைத்தான்.

உண்மையான இலவசக் கருத்தரங்குக்குப் பொருள் ஏராளமாக உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ பெற்றவர், எழுத்து ஒப்பந்தமே இருந்தாலும், 45 நாள்களுக்குமேல் பணத்தை நிறுத்திவைக்க இயலாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி தரவேண்டும். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவுக்கு அரசின் இணையதளத்தில் கட்டணமே கிடையாது. சில்லறை, மொத்த வணிகர்களும் 2021 முதல் அதில் பதியலாம். ஆனால் அவர்களுக்கு அதனால் கிடைப்பது முன்னுரிமைத் துறைக் கடனுக்கான தகுதி மட்டுமே, 45 நாள் பாதுகாப்பு அன்று. தறி வைத்திருப்பவருக்கும் ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்கும் இந்த வேறுபாட்டை எளிய தமிழில் விளக்க ஒரு மணி நேரம் போதும். ‘வராத பாக்கியை வாங்குவது எப்படி?’ என்று தலைப்பிட்டால் கூட்டம் சேர்க்க வேறு ஆரவாரம் எதற்கு?

ஆகவே இத்தகைய அழைப்பிதழ் ஆறு செய்திகளை வெளிப்படையாகச் சொல்லவேண்டும்: பேசுபவர் யார், அவர் நடத்திய தொழில் எது, எப்பொருள் பற்றிப் பேசுகிறார், இறுதியில் ஏதேனும் விற்கப்படுமா, விலை என்ன, கேள்விக்கு எவ்வளவு நேரம். நாளையும் கடைகளின் வார விடுமுறை பார்த்துக் குறிக்கவேண்டும். நடத்துபவர் இவற்றை அச்சிடத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையே வணிகர் தமக்கான எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

இவ்வறிக்கைகளை எழுதித் தருவோரில் தமிழ் பயின்ற நம் மாணவர்களும் உண்டு. அது அவர்கள் பிழைப்பு. அதை நான் பழிக்க மாட்டேன். ஆனால் ‘இலவசம்’ என்று எழுதும் முன் ‘எதுவரை இலவசம்?’ என்று முதலாளியிடம் கேட்கும் துணிவைத் தராத தமிழ்க் கல்வியால் யாருக்கு என்ன பயன்? யாப்பும் அணியும் நடத்தும் நாம் அந்த ஒரு வினாவையும் வகுப்பில் நடத்தியாக வேண்டும்.